சாவிக்காரம்மாவைப் பூட்டிய பூட்டு

"வெளியிலேருந்து பூட்டுடா! நான் கத்தினாலும் தெறக்காதே, கதவை இடிச்சாலும் தெறக்காதே, வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் தெறக்காதே!"

"எரிஞ்சா என்னம்மா பண்றது?"

"ஜன்னல் வழியாத் தண்ணி ஊத்து. நோட்டு மேல படாம ஊத்து."

சாவிக்காரம்மா தன் மகனிடம் இப்படிச் சீறியது ஒரு திங்கட்கிழமை மதியம். ஒரு கையில் பேனா, கக்கத்தில் நோட்டு, கண்ணில் கொலைவெறி. சண்டை தொடங்கி அரை மணி நேரமாகியிருந்தது. இந்த வீடு சேர்ந்து சதி செய்து தன்னை எழுதவிடாமல் தடுக்கிறது என்பது அவள் கட்சி. மருமகளின் குக்கர் விசிலடிக்கிறது. மகனின் போன் அலறுகிறது. நாத்தனாரின் ரேடியோவுக்கு வாய் வலிப்பதே இல்லை.

மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டியூட்டி முடிந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். வாய்க்குப் போன கையை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"அத்தை, நேத்து குக்கரே வைக்கல. நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனைத் தொடைச்சீங்க."

"தூசி கண்ணுல விழுந்தா எழுத்து எப்படித் தெரியும்?"

"சரி, முந்தாநாள்?"

முந்தாநாள் சாவிக்காரம்மா கடையிலிருந்து மூன்று டப்பா நிறைய அநாதைச் சாவிகளை வீட்டுக்குத் தூக்கிவந்து, நீளம் பார்த்து, பல் பார்த்து, ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பூட்டு தொலைந்து பல வருடமான சாவிகள். அவற்றை அடுக்கி யாருக்கு என்ன லாபம்? அதற்கும் முதல்நாள் மேசையின் ஒரு கால் ஆடுகிறது என்று சொல்லி, அதைச் சரி செய்வதற்காக நான்கு கால்களையும் அறுத்துக் குட்டையாக்கிவிட்டாள். இப்போது அந்த மேசையில் எழுத வேண்டுமென்றால் தரையில்தான் உட்கார வேண்டும்.

"அவளுக்கு எழுத வரலடி. விடு, பாவம்" என்றாள் நாத்தனார், ரேடியோவைக் குறைக்காமலே.

அதுதான் நெருப்பில் எண்ணெயாக விழுந்தது. "பூட்டுடா!" என்று மறுபடியும் கத்திவிட்டு, அந்த ஃபேனும் மேசையும் சாவிகளும் இருந்த பின்பக்கச் சாமான் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள் சாவிக்காரம்மா.

அவளுக்கு அப்போது அறுபத்தோரு வயது. கடைத்தெருவில் அவள் கடை ஒரு பீரோ அகலம்தான் இருக்கும். சாவி வெட்டும் மெஷின் ஒன்று, இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு இடுக்கி, ஏழெட்டு அரம், சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். கடையை ஆரம்பித்தவன் அவள் கணவன். அவன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. நல்ல பூட்டுக்காரன், சுமாரான புருஷன். பெண்டாட்டிக்குத் தொழில் சொல்லித்தர வேண்டும் என்று ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை. இவள் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவன் தின்று முடிக்கும்வரை நின்று அவன் கையைப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். சில வருடத்திலேயே அவளும் அவன் பக்கத்தில் கடையில் உட்கார்ந்துவிட்டாள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு பூட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் சாவி தூக்குகிற நெம்புத் தகடு உள்ளே எத்தனை என்று சொல்லிவிடுவாள்.

தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். பூட்டுக்குச் சொந்தக்காரர் எதிரே நின்று தன் வாயால் "தெறங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் அவள் கை பூட்டைத் தொடாது. ஒரு தடவை ஒரு பெரிய மனிதர் வண்டி வைத்து வீட்டுக்கு அழைத்துப்போய், தன் மனைவியின் பீரோவைத் திறக்கச் சொன்னார்.

"அவங்க எங்கே?"

"ஊருக்குப் போயிருக்கா. என் வீடு, என் பீரோ, நான் சொல்றேன். தெறங்க."

"சாவி யார்கிட்ட இருக்கோ அவங்கதான் சொந்தக்காரங்க. அம்மா ஊருலேருந்து வரட்டும், வந்து சொல்லட்டும். வண்டிச் சத்தம் நானே குடுத்துக்கறேன்."

மூன்று மடங்கு கூலி தருவதாகச் சொல்லியும் அவள் அசையவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக இதே கதைதான். அதனாலேயே போலீஸ்காரர்கள்கூட அவளைத் தேடி வந்தார்கள்.

இன்னொரு விஷயம், அவள் கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. குளியலறையில் மாட்டிக்கொண்ட வக்கீல், கல்யாண மோதிரத்தைப் பெட்டியில் பூட்டிச் சாவியை விழுங்கிய மாப்பிள்ளை, பாங்க்கைப் பூட்டிவிட்டு உள்ளேயே தூங்கிப்போன காவல்காரர் என்று அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருப்பாள். பூட்டு திறந்த பிறகும் ஆட்கள் நகர மாட்டார்கள். அப்படி நகராமல் நின்றவர்களில் ஒருவர்தான் பக்கத்துத் தெருவில் வாரப் பத்திரிகை நடத்தும் பத்திரிகைக்காரர். அவருடைய மேசை இழுப்பறையைத் திறக்கப் போனபோது, திறப்பதற்கு ஆறு நிமிடமும் கேட்பதற்கு ஒன்றரை மணி நேரமும் ஆனது.

"அம்மா, இதை அப்படியே எழுதிக் குடுங்க. எங்க பத்திரிகையில உழைக்கிறவங்க பக்கம்னு ஒண்ணு இருக்கு. நோட்டுல பன்னெண்டு பக்கம் எழுதினா போதும். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் கைக்கு வரணும்."

"வரலன்னா?"

"வரலன்னா அந்தப் பக்கம் ஒரு ரிட்டயர்டு ஆபீசருக்குப் போயிடும். தன் நாயைப் பத்தி எழுதி ஏற்கெனவே குடுத்துட்டாரு. அப்புறம் உங்களுக்கு எப்ப இடம் கிடைக்கும்னு சொல்ல முடியாது. ஒண்ணே ஒண்ணு. நீங்க மொதல்ல தெறந்த பூட்டுலேருந்து ஆரம்பிங்க."

"இது என்ன பெரிய வேலை? வியாழனே தரேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள் அவள். வருகிற வழியில் டீக்கடைக்காரரிடம் சொன்னாள், துணிக்கடையில் சொன்னாள், மருந்துக்கடையில் சொன்னாள். வீட்டுக்கு வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்ற தன்னுடைய எழுத்தை அச்சில் பார்க்கப்போகிறோம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாயிடம் தோற்றுவிட்டுத் தெருவில் எப்படி நடப்பது என்ற பயம் மறுநாள்தான் வந்தது.

நோட்டைத் திறந்து முதல் வரி எழுதினாள். "நான் முதன்முதலில் திறந்த பூட்டு". அங்கேயே நின்றுபோனாள்.

வாயால் சொல்லும்போது இந்த இடத்தில் அவளுக்குத் தடங்கலே கிடையாது. முதலில் திறந்தது ஒரு டாக்டரின் கார் என்பாள். கொட்டும் மழை என்பாள். உள்ளே மருந்துப் பை, டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார் என்பாள். அத்தனையும் பொய். முதலில் திறந்தது வேறு பூட்டு. வாய்க்கு வழக்கமாகிப்போன பொய்யைக் கையால் எழுதப் போனால் கை மறுத்தது. உண்மையை எழுதலாம் என்றால், அந்த உண்மை அதே வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதனால்தான் ஃபேனில் தூசி தெரிந்தது. அதனால்தான் மேசைக்கால் ஆடியது. குக்கர் பாவம், அது என்ன செய்யும்?

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம்.

சாமான் அறைக்கு இரட்டைக் கதவு. மகன் வெளியே இருந்த இரண்டு வளையத்திலும் சங்கிலியைக் கோத்து, கடையிலிருந்து கொண்டுவந்த ஐந்து நெம்புப் பூட்டைப் போட்டான். நான்கு மணிக்குத் திறப்பதாகப் பேச்சு. மூன்றாவது நிமிடம் பால் காய்கிற வாசனை வந்தது. மருமகள் அடுப்பைப் பார்க்கிறாளோ இல்லையோ என்று சாவிக்காரம்மாவுக்குக் கவலை பிறந்தது. கதவை உள்பக்கமாக இழுத்தாள். நான்கு விரல் நுழைகிற இடைவெளி கிடைத்தது. சங்கிலியைப் பற்றிப் பூட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.

"பால் பொங்குது!" என்றபடி அவள் சமையலறையில் வந்து நின்றபோது மகன் இன்னும் செருப்புக்கூட மாட்டவில்லை.

"அம்மா! இப்பதானே பூட்டினேன்!"

"அந்தப் பூட்டு சும்மாடா. வேற கொண்டா. நல்லதாக் கொண்டா."

மகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவனும் பூட்டுக்காரன் பெற்ற பிள்ளைதானே? செவ்வாய்க்கிழமை ஏழு நெம்புள்ள கிடங்குப் பூட்டைக் கொண்டுவந்தான். பதினோரு நிமிடம் தாங்கியது. அடுத்து நம்பர் பூட்டு. கதவிடுக்கில் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வட்டைத் திருகித் திருகிக் கேட்டே திறந்துவிட்டாள். புதன்கிழமை இரண்டு பூட்டையும் சேர்த்துப் போட்டு, விரல் நுழையாதபடி சங்கிலியை இறுக்கிக் கட்டினான். அன்றைக்கு அவள் பூட்டைத் தொடவே இல்லை. கீலில் இருந்த ஆணிகளைத் தட்டிக் கழற்றி, சங்கிலி மாட்டிய வளையத்தையும் திருகி எடுத்துவிட்டு, ஒரு கதவைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருவே கொல்லைப்பக்கம் கூடியிருந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. டீக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். நாத்தனார்தான் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் டெலிபோன் ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உலகத்தில் எதற்கும் விலையை அவள் டீயில்தான் சொல்வாள். புடவை அறுபது டீ, டாக்டர் இருபது டீ, சினிமா பன்னிரண்டு டீ.

"இருபது நிமிஷத்துல வருவான்னு ரெண்டு டீ கட்டினேன். பதினெட்டுல வந்துட்டா. எடு டீயை!" என்று டீக்கடைக்காரரிடம் கையை நீட்டினாள்.

மகன் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். "உன்னை ஜெயில்ல போட்டாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவே!"

சாவிக்காரம்மா வாயெல்லாம் பல்லாக நின்றாள். கதவை இன்னும் இறக்கி வைக்கவில்லை. அப்போது மருமகள் உள்ளே போய், தரையில் கிடந்த நோட்டை எடுத்துப் பார்த்தாள்.

"அத்தை, ஒரு வரிதான் இருக்கு."

கைதட்டல் நின்றுபோனது.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டே நாள்" என்றாள் மருமகள். கேலியாக அல்ல, நோயாளியிடம் சொல்வதுபோல மெதுவாக. சாவிக்காரம்மா கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு முகம் கழுவப் போனாள். குழாய் மூடிய பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை. நாத்தனார் அன்று ரேடியோ போடவில்லை.

வியாழக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் நாத்தனார் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனாள். எங்கே என்று கேட்டதற்கு, "என் காசு, என் கால்" என்றாள். பதினோரு மணிக்குத் திரும்பியவள் நேராகச் சாமான் அறைக்குப் போனாள். அதற்குள் மகன் கதவைக் கீலில் மாட்டியிருந்தான்.

"உள்ளே போ. உட்காரு" என்றாள் தம்பி பெண்டாட்டியிடம்.

சாவிக்காரம்மா மறுபேச்சில்லாமல் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. சங்கிலி சத்தம் கேட்டது. பிறகு 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். இது எந்தப் பூட்டின் சத்தமும் இல்லையே என்று கதவை இழுத்து இடுக்கு வழியாகப் பார்த்தாள். சங்கிலியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பயணப் பெட்டிக்குப் போடுகிற தகரப் பூட்டு.

"என்ன அண்ணி இது?"

"பூட்டு."

"இதுக்குப் பேரு பூட்டா? நான் தும்மினா தெறந்துக்கும்!"

"தும்மிப் பாரு. ஆனா ஒண்ணு. இது உன் கடைச் சரக்கு இல்ல, உன் மகன் கொண்டாந்ததும் இல்ல. நான் போய், என் காசுல, மூணு டீக்கு வாங்கினது. சாவி என் இடுப்புல இருக்கு. நான் வாயைத் தொறந்து 'தெற'ன்னு சொல்ற வரைக்கும் இது அடுத்தவங்க பூட்டு."

கொண்டை ஊசிவரை போன கை அப்படியே நின்றது.

சாவிக்காரம்மா அந்தப் பூட்டைப் பார்த்தாள். ஊசிகூட வேண்டாம், நகம் போதும். குழந்தைகூடத் திறந்துவிடும். அவள் திறந்தால் கேட்க ஆளில்லை. ஆனால் மூன்று மடங்கு கூலிக்கு மடங்காத கை இந்தப் பொத்தானுக்கும் மடங்காமல் நின்றது. அவள் பல்லைக் கடித்தாள்.

"கெட்டிக்காரி அண்ணி நீங்க."

"டெலிபோன் ஆபீஸ்ல சும்மாவா சம்பளம் குடுத்தாங்க? எழுதுடி."

அவள் வந்து தரையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஃபேன் பளபளத்தது. சாவிகள் வரிசையாக நின்றன. மேசைக்கு அறுக்கக் காலே இல்லை. ஆறு நாளாக எல்லாவற்றையும் அவளே செய்து தொலைத்திருந்தாள். அவளும் நோட்டும் அந்த ஒரு வரியும்தான் பாக்கி. கதவுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் ஸ்டூல் போட்டு உட்கார்கிற சத்தம் கேட்டது.

அந்தத் தகரப் பூட்டை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அதே அளவு, அதே மாதிரி. நாற்பது வருடத்துக்கு முன், நாத்தனாரின் பெட்டியில்.

கல்யாணமாகி இரண்டாவது மாதம் அது. நாத்தனாரின் கட்டிலுக்கு அடியில் ஒரு பச்சைப் பெட்டி இருந்தது. சாவியை அவள் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்தாள். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். உள்ளே நகை என்றார்கள், பணம் என்றார்கள், எவனோ எழுதிய காதல் கடிதம் என்றும் சொன்னார்கள். புதுப் பெண்ணுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. புருஷன் பூட்டுத் திறப்பதைத் தினமும் பார்க்கிற கை வேறு பரபரத்தது. ஒருநாள் வீட்டில் யாருமில்லாத நேரத்தில் கொண்டை ஊசியை விட்டாள். திறந்துகொண்டது. அதுதான் முதல் பூட்டு.

உள்ளே நகையும் இல்லை, கடிதமும் இல்லை. மெல்லிய தாளில் சுற்றிய ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு. குதி உயர்ந்தது. அடியில் துளி மண் ஒட்டவில்லை. புதுப் பெண் சும்மா இருப்பாளா? மாட்டிக்கொண்டு நான்கு அடி வைத்தாள். ஐந்தாவது அடியில் ஒரு குதி 'படக்' என்று ஒடிந்துவிட்டது. வியர்த்துக் கொட்டக் கொட்ட அதைக் கோந்து வைத்து ஒட்டி, தாளில் சுற்றி, பெட்டியைப் பூட்டிவிட்டாள். நாத்தனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. அடுத்தவர் பூட்டை அவர்கள் சொல்லாமல் தொடுவதில்லை என்ற பிடிவாதம் அன்றைக்கு வந்ததுதான். தொழில் தர்மம் என்று ஊர் மெச்சியது. உண்மையில் அது ஒரு செருப்புக் குதி.

சாவிக்காரம்மா பேனாவை எடுத்தாள். முதல் வரியை ஒட்டி எழுதினாள். "என் நாத்தனாரின் பெட்டியில் இருந்தது."

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. நாக்கு நுனி வெளியே வர, பேனா அழுந்திய அழுத்தில் பின்தாளெல்லாம் பள்ளம் விழ, எழுதிக்கொண்டே போனாள். செருப்பிலிருந்து கடை வந்தது, கடையிலிருந்து புருஷன் வந்தான், புருஷனிடமிருந்து வக்கீலும் மாப்பிள்ளையும் காவல்காரரும் வந்தார்கள். குக்கர் ஏழு விசில் அடித்தது, அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகனின் போன் அலறியது, கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை தானே சிரித்துக்கொண்டாள். வெளியே ஸ்டூல் கிறீச்சிட்டது.

நான்கு மணிக்குப் பூட்டு திறந்தது. நாத்தனார் தலையை நீட்டினாள்.

"வெளியே வாடி. டீ ஆறுது."

"மூடுங்க அண்ணி!"

"என்னது?"

"கதவை மூடுங்கன்னேன்! மறுபடி பூட்டுங்க! காவல்காரன் இப்பதான் பாங்க்ல தூங்கப் போறான்!"

டீயைக் கதவிடுக்கு வழியாக உள்ளே கொடுக்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை கடையை மகன் பார்த்துக்கொண்டான். காலை ஒன்பது மணிக்கே அவள் போய் உட்கார்ந்து, "பூட்டுங்க" என்றாள். மூன்று மணிக்கெல்லாம் பன்னிரண்டு பக்கம் முடிந்துவிட்டது. மருமகள் ஸ்கூட்டரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"குடுங்க அத்தை, அஞ்சு நிமிஷத்துல குடுத்துட்டு வந்துடறேன்."

சாவிக்காரம்மா கொடுக்கவில்லை. தாள்களைக் கொண்டுபோய் நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"இதுல ஒரு பெட்டி இருக்கு அண்ணி. உங்க பெட்டி. நான் ஒரு தடவை சொல்லாமத் தெறந்தேன். இந்தத் தடவை நீங்க சொன்னாத்தான் தெறப்பேன். வேண்டாம்னா கிழிச்சுப் போட்டுடலாம். நாய் ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

நாத்தனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். மூன்றேகால். மூன்றரை. அந்த எழுத்தைப் படிப்பதும் லேசு இல்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மருமகள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். நாலு. சாவிக்காரம்மா எதிரே நின்றுகொண்டே இருந்தாள். அறுபத்தோரு வயதில் வாத்தியார் முன் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டாள். நாலரை.

"தப்பு" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, நான்..."

"குதி ரெண்டு இஞ்சுன்னு எழுதியிருக்கே. மூணு இஞ்சு. மூணுன்னு மாத்து."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? ஒட்டினதுதான் ஒட்டினே, நேரா ஒட்டக் கூடாதா? வலது கால் கிழக்கே பாத்துச்சு, குதி மேற்கே பாத்துச்சு. வீட்டுல பூட்டுத் தெறக்கத் தெரிஞ்சவன் என் தம்பி, அதைத் தினமும் பாத்துக்கிட்டு நின்னவ நீ. என் தம்பிக்கு அந்தச் செருப்பு பத்தாது."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா, அந்தச் செருப்பு எதுக்குன்னு எங்கப்பா என்னைக் கேப்பாரே? மொத மாச சம்பளத்துல வாங்கினது. போட்டுக்கிட்டுத் தெருவுல போனா வெட்டிப் போட்டுடுவாரு. அதனால ஞாயித்துக்கிழமை கதவைப் பூட்டிக்கிட்டு, கட்டிலைச் சுத்தி நடப்பேன். பத்து சுத்து. அம்புட்டுதான் ஆசை." தாள்களை அடுக்கித் தட்டினாள். "நீ ஒடைச்சப்புறம் அதுவும் போச்சு. ஒரு வருஷம் உன்னைக் கண்டாலே எனக்கு எரியும். தெரியுமா?"

"தெரியும் அண்ணி. சோத்துல கல்லு வந்துச்சே."

"நான்தான் போட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று மருமகளுக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மருமகள்தான் கடிகாரத்தைப் பார்த்து அலறினாள்.

"நாலே முக்கால்! பெரியத்தை, தெறக்கலாமா கூடாதா? சொல்லித் தொலைங்க!"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே நின்றவளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"தெற."

மூன்று இஞ்சைத் திருத்துவதற்கு ஒரு நிமிடம். மருமகள் ஸ்கூட்டரை எடுத்த வேகத்துக்கு டீக்கடைக்காரர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே நினைத்தார். பத்திரிகைக்காரர் நாயின் படத்தைப் பக்கத்தில் ஒட்டப்போகிற நேரத்தில் பன்னிரண்டு தாளும் அவர் மேசையில் வந்து விழுந்தன.

பத்திரிகை வந்த அன்று டீக்கடைக்காரர் அதைச் சுவரில் ஒட்டி வைத்தார். சாவிக்காரம்மா வேலையே இல்லாமல் ஆறு தடவை அந்தப் பக்கம் போய்விட்டு வந்தாள். இப்போதும் அவள் பத்து நாளுக்கு ஒரு தடவை எழுத உட்காருகிறாள். அந்தத் தகரப் பூட்டைத் தொங்கவிட்டால்தான் பேனா நகர்கிறது. சாவி நாத்தனாரின் இடுப்பில்தான் இருக்கிறது.

முதல் கட்டுரைக்கு வந்த பணத்தோடு இரண்டு பேரும் பெரிய செருப்புக் கடைக்குப் போனார்கள். துணைக்கு வந்த மருமகள் குதி உயர்ந்த சிவப்புச் செருப்பைப் பார்த்ததுமே தலையில் கைவைத்தாள்.

"பெரியத்தை, முட்டி போயிடும். நான் நர்ஸ், நான் சொல்றேன்."

"நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போறேன்? கட்டிலைச் சுத்தி நடக்கத்தான். பத்து சுத்து. இந்தத் தடவை கதவைத் தெறந்து வச்சுக்கிட்டு."

மாட்டிக்கொண்டு எழுந்தாள். அறுபத்தேழு வயதில், தம்பி பெண்டாட்டியின் தோளைப் பிடித்தபடி, கண்ணாடிக்கு முன்னால் நான்கு அடி வைத்தாள். ஐந்தாவது அடிக்குச் சாவிக்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குதி ஒடியவில்லை.

கடைப் பெண் விலையைச் சொன்னாள். சாவிக்காரம்மா பையைத் திறந்தாள். நாத்தனார் விரல்களை மடக்கி, விரித்து, மறுபடியும் மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நூத்திப் பன்னெண்டு டீ!"